ஸ்மார்ட்வாட்ச் திரையில் கீறல்... குற்றவாளி சாவி இல்லை, மணல்!

முதல் மாசச் சம்பளத்துல ஆசை ஆசையா வாங்கின ஸ்மார்ட்வாட்ச். கீழே போடலை, எங்கேயும் இடிக்கலை. ஆனா, மூணே மாசத்துல திரை முழுக்க மெல்லிய கோடுகள். ‘எப்படி வந்துச்சுன்னே தெரியலையே’ எனப் புலம்புபவரா நீங்கள்?

நாம் முதலில் சந்தேகப்படுவது பைக் சாவியைத்தான். ஆனால், பெரும்பாலும் உண்மையான குற்றவாளி மணல்.

ஒரு பொருள் இன்னொன்றைக் கீறுமா என்பதை அதன் கடினத்தன்மையே முடிவு செய்கிறது. இதற்காக ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃப்ரெட்ரிக் மோஸ் 1812-ல் உருவாக்கிய அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இதில் டால்க் 1, வைரம் 10. பித்தளைச் சாவி 3-க்குப் பக்கத்தில். கண்ணாடி 5.5 முதல் 6 வரை. அதனால், சாவி உரசினால் கண்ணாடிக்குப் பெரிய சேதம் இல்லை. ஆனால், மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7!

பைக்கில் போய்விட்டு வருகிறீர்கள். வாட்ச்சில் புழுதி. சட்டை நுனியால் ‘சரக்’கென்று துடைக்கிறீர்கள். அது துடைப்பது அல்ல, உப்புத்தாளால் தேய்ப்பது. கிரானைட்டிலும் குவார்ட்ஸ் உண்டு. சமையல் மேடையில் மணிக்கட்டு உரசினாலும் இதே கதைதான்.

‘சின்னக் கீறல்தானே’ என்று விட்டுவிடவும் முடியாது. ஆழமான கீறல் கண்ணாடியைப் பலவீனமாக்கும். அடுத்த முறை இடிபடும்போது விரிசல் பெரும்பாலும் அங்கிருந்தே கிளம்பும். விரிசல் விட்டால், தண்ணீர் உள்ளே போகாது என்ற நம்பிக்கையும் போச்சு.

விலை உயர்ந்த சில வாட்ச்களில் சஃபையர் கண்ணாடி வரும். அதன் அளவு 9. மணலால் அதைக் கீற முடியாது. ஆனால், பலமாக இடித்தால் அதுவும் உடையும். கீறல் விழாதது வேறு, உடையாதது வேறு. வாங்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, கையில் இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது?

* புழுதி படிந்தால் முதலில் ஊதுங்கள். பிறகு, ஈரமான மென்துணியால் அழுத்தாமல் துடையுங்கள்.

* பாத்திரம் தேய்க்கும்போது, தோட்ட வேலையின்போது கழற்றிவிடுங்கள்.

* டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். கீறல் போகாது, கைரேகை படியாமல் காக்கும் மேல்பூச்சுதான் போகும்.

* திரைக்கு ஒரு ஃபிலிம் ஒட்டிவிடுங்கள். கீறல் அதில் விழட்டும். அதை மாற்றுவது சுலபம், திரையை மாற்றுவது அப்படியல்ல!