பெரிய செய்தியும் சிறிய வாசலும்

ஜீவனஹள்ளியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் மாணவர் ஒருவர், சங்க மலரின் பழைய இதழ்கள் அனைத்தையும் தட்டெழுதி, ஒரே செய்தியாகச் சர்வருக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நிரல் தடையின்றி அனுப்பிவிடுகிறது. சர்வரோ ஏற்க மறுக்கிறது. காரணம் யாது? கூகிள் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஜி.ஆர்.பி.சி. என்னும் முறையைப் பயன்படுத்தினால், பெறும் பக்கத்துக்கு 4 மெகாபைட் என்ற வரம்பு முன்கூட்டியே அமைந்திருக்கும். அனுப்பும் பக்கத்துக்கு அவ்வரம்பு இல்லை.

இது எழுத்துக் கணக்கன்று, பைட் கணக்கு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். யூ.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. நாம் ஐந்தெழுத்தாகப் படிக்கும் ‘வணக்கம்’ கணிப்பொறிக்குப் புள்ளிகளோடு சேர்த்து ஏழு குறிகள். ஆக 21 பைட். ஏறத்தாழ 42 லட்சம் ஆங்கில எழுத்துகள் நுழையும் வாசலில் தமிழ்க் குறிகள் 14 லட்சமே நுழையும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த நிரல் தமிழில் தடுமாறுவது இதனால்தான்!

“வரம்பை 100 மெகாபைட் ஆக்கிவிட்டால் போயிற்று” என்பார் நண்பர். ஆகாது. செய்தி முழுவதும் வந்து சேர்ந்த பின்னரே சர்வர் அதைப் பிரித்துப் படிக்கும். நூறு பேர் ஒரே வேளையில் அவ்வளவு அனுப்பினால் நினைவகத்தில் 10 கிகாபைட் அதற்கே போய்விடும். வரம்பு என்பது சர்வருக்கு வேலி.

நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி இதற்கு வழி காட்டுகிறது. குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட். அங்கே தமிழ்க் குறிக்கு இரண்டு பைட் வீதம் 70 குறிகள் அடங்கும். அதற்கு மேற்பட்டால் செய்தி துண்டாகிறது. வரிசை எண் முதலியவற்றுக்கு 6 பைட் போக, துண்டுக்கு 67 குறிகள். பெறும் கைப்பேசி அவற்றை ஒட்டிக் காட்டுகிறது.

நம் மாணவரும் 65,536 பைட் கொண்ட துண்டுகளாகத் தொடரோட்டமாக அனுப்பலாம். வரம்பு அப்போது துண்டுக்கு மட்டுமே. ஆயினும் ஓர் எச்சரிக்கை: 65,536 மூன்றால் மீதியின்றி வகுபடாது. தனித்தமிழ் உரையானால் வெட்டு ஒரு குறியின் நடுவே விழும். ஆதலின், துண்டுகளை ஒட்டிய பின்பே எழுத்தாகப் படிக்கவேண்டும்.

வந்து சேர்ந்த கடைசித் துண்டின் எண்ணைச் சர்வர் குறித்து வைத்தால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஜி.ஆர்.பி.சி. இதைத் தானாகச் செய்து தராது. அச்சில வரிகளை நாமே எழுதவேண்டும்.