சம்பளம் இல்லை, ஆனால் முதுகில் ஜிபிஎஸ்: கேலிக் விளையாட்டாளரின் களைப்பை யார் கூட்டிப் பார்ப்பது?

வாரயிறுதியில் 82,000 பேர் அமரக்கூடிய அரங்கில் ஆட்டம். வார நாளில் பள்ளியில் பாடம் நடத்தவேண்டும்.

டப்ளின் குழுவின் கோல்காப்பாளர் ஸ்டீபன் கிளக்ஸ்டனின் வாழ்க்கை பல ஆண்டுகள் இப்படித்தான் ஓடியது. கேலிக் காற்பந்தில் அயர்லந்தின் ஆக உயரிய பட்டத்தை 9 முறை வென்றவர் அவர். தொழில்? ஆசிரியர். அவருடன் ஆடிய ஜேக் மெக்கஃப்ரி ஒரு மருத்துவர்.

கேலிக் விளையாட்டுகளில் யாருக்கும் சம்பளம் கிடையாது. பயணச் செலவு, சாப்பாடு, சிறிய அரசாங்க உதவித்தொகை, அவ்வளவுதான். ஆனால் அவர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்தால் 'பொழுதுபோக்கு' என்று சொல்ல மனசு வராது. சட்டைக்குள் ஜிபிஎஸ் கருவி, கைப்பேசியில் தினமும் நிரப்பவேண்டிய படிவம், ஆட்டம் முடிந்ததும் புள்ளிவிவரத் தாள்.

இவ்வளவு எண்கள் இருந்தும் ஒரு முக்கியமான எண் மட்டும் பெரும்பாலும் யார் கையிலும் இருப்பதில்லை. அது எந்த எண்?

முதலில், இது என்ன விளையாட்டு?

கேலிக் காற்பந்தும் ஹர்லிங்கும் அயர்லந்தின் சொந்த விளையாட்டுகள். ஒன்றில் பந்தைக் கையாலும் காலாலும் கொண்டுபோகலாம். மற்றொன்றில் மட்டையும் சிறிய பந்தும். பெண்கள் ஆடும் ஹர்லிங்கின் பெயர் கமோகி. 1884ஆம் ஆண்டு துர்ல்ஸ் நகரில் தொடங்கப்பட்ட ஜிஏஏ சங்கம் இவற்றை நிர்வகிக்கிறது. பெண்கள் காற்பந்துக்கும் கமோகிக்கும் தனித்தனிச் சங்கங்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஒரு பக்கத்துக்கு 15 பேர். வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. கம்பத்துக்கு மேலே போனால் 1 புள்ளி. 2011 இறுதியாட்டத்தில் டப்ளின் 1-12, கெர்ரி 1-11. அதாவது 15க்கு 14. கடைசி நேரத்தில் ஃபிரீ கிக் உதைத்து அந்த ஒரு புள்ளியைக் கொடுத்தவர், அதே கோல்காப்பாளர் கிளக்ஸ்டன்.

நம்ம பக்கத்திலும் இந்த ஆட்டம் உண்டு. சிங்கப்பூரில் கேலிக் லயன்ஸ், கோலாலம்பூரில் ஓராங் ஏரா. ஆசிய அளவிலான போட்டியில் ஒரே வாரயிறுதியில், இந்த வெயிலில், பல ஆட்டங்கள் ஆடுகிறார்கள்.

31 மணி நேரம்

அயர்லந்தின் பொருளியல், சமூக ஆய்வுக் கழகமான இஎஸ்ஆர்ஐ 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கவுண்டி அணிக்கு ஆடுபவர்கள் அதற்காக வாரத்துக்கு 31 மணி நேரம் வரை செலவிடுவதாக அது சொன்னது. பயிற்சி மட்டுமல்ல, பயணமும் தயாரிப்பும் சேர்த்து. முழுநேர வேலை அல்லது படிப்புக்கு மேல் இது கூடுதல்.

ஆட்டத்தின் வேகமும் குறைவில்லை. கவுண்டி அளவிலான காற்பந்து ஆட்டம் 70 நிமிடம். அதில் ஒருவர் சராசரியாக ஏறக்குறைய 9 கிலோமீட்டர் ஓடுகிறார் என்று ஜிபிஎஸ் ஆய்வுகள் காட்டியுள்ளன. அதுவும் நேர்கோட்டில் ஓடும் ஓட்டம் அல்ல. நின்று, திரும்பி, மோதி, மறுபடி பாய்ந்து ஓடுவது. இந்த ஆட்டத்தில் ஆக அதிகம் அடிபடுவது தொடையின் பின்பக்கத் தசை. ஹேம்ஸ்ட்ரிங் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான்.

தொழில்முறைக் காற்பந்தில் இப்படி ஓடிய மறுநாள் ஓய்வு, மசாஜ், தூக்கம். இங்கே மறுநாள் காலை எட்டு மணிக்கு அலுவலகம்.

ஆட்டத்தில் எதை எண்ணுவது?

பெரிய கவுண்டி அணிகளுக்குக் காணொளி ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கிராமத்து மன்றத்தில்? திடல் ஓரத்தில் ஒருவர், கையில் அட்டை, காதில் பேனா. மழை பெய்தால் அட்டையும் போச்சு. அவரால் ஓர் ஆட்டத்தில் மூன்று நான்கு விஷயங்களைத்தான் ஒழுங்காக எண்ண முடியும். அப்படியானால் எதை?

பயனுள்ள எண்கள் என்றால் எத்தனை முறை உதைத்தோம், அதில் எத்தனை புள்ளி கிடைத்தது. எங்கே பந்தை இழந்தோம். கோல்காப்பாளர் ஆட்டத்தை மறுபடி தொடங்கும் கிக்-அவுட்டில் பந்து யாருக்குப் போனது. கடைசியாகச் சொன்னதை ஒரு கலையாகவே மாற்றியவர் கிளக்ஸ்டன் என்று பலரும் சொல்வார்கள். அதற்கு முன்பு கிக்-அவுட் என்றால் பந்தைத் தூரமாக உதைத்துவிட்டு யார் பிடிப்பார்கள் என்று வேடிக்கை பார்ப்பது. அவர் அதைக் குறிபார்த்துக் கொடுக்கும் பாஸாக ஆக்கினார். எந்தப் பக்கம் உதைத்தால் பந்து நம்மிடம் தங்குகிறது என்பது எண்ணிப் பார்க்கவேண்டிய விஷயமானது.

விதி மாறினால் எண்ணும் முறையும் மாறும். 2025 பருவத்தில் கேலிக் காற்பந்துக்குப் புதிய விதிகள் வந்தன. கோலிலிருந்து 40 மீட்டர் தூரத்தில் ஒரு வளைகோடு. அதற்கு வெளியிலிருந்து கம்பத்துக்கு மேல் உதைத்தால் 2 புள்ளி. கிக்-அவுட்டும் அந்தக் கோட்டைத் தாண்டிப் போகவேண்டும். ஆக, பழைய கிக்-அவுட் கணக்கைப் புதியதோடு ஒப்பிட்டால் அர்த்தமில்லை.

ஒரு சின்னக் கணக்கு. பக்கத்திலிருந்து 10 முறை உதைத்தால் 7 உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். 7 புள்ளி. கோட்டுக்கு வெளியிலிருந்து 10 முறை உதைத்து 4 மட்டுமே போனால்? 8 புள்ளி. பார்ப்பவர்களுக்கு "ஆறு வாய்ப்பை வீணாக்கிட்டான்" என்று தோன்றும். தாளைப் பார்த்தால் அவர்தான் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். இதற்குத்தான் புள்ளிவிவரம்.

ஆனால் எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் அதற்கேற்ப நடந்துகொள்வார்கள். பந்தை இழந்தவர்களின் பட்டியலை வாராவாரம் வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பாருங்கள். அடுத்த ஆட்டத்தில் எல்லாரும் பக்கத்தில் இருப்பவருக்கே பந்தைத் தள்ளுவார்கள். துணிந்து முன்னால் கொடுக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

சட்டைக்குள் இருக்கும் கருவி

தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பை, அதற்குள் ஜிபிஎஸ் கருவி. இந்தத் துறையில் பெயர்பெற்ற ஸ்டாட்ஸ்போர்ட்ஸ் நிறுவனம் வட அயர்லந்தின் நியூரி நகரத்தைச் சேர்ந்தது. மொத்தத் தூரம், வேகமாக ஓடிய தூரம், எத்தனை முறை திடீரென வேகமெடுத்தார், எத்தனை முறை சட்டென நின்றார் என்பதையெல்லாம் அது பதிவுசெய்யும்.

தூரத்தை மட்டும் பார்த்து மயங்கக்கூடாது. ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடியிருந்தால் அது உழைப்பாகவும் இருக்கலாம், தப்பான இடத்தில் நின்றுவிட்டு ஆட்டம் முழுக்கத் துரத்தியதாகவும் இருக்கலாம். கருவிக்கு வித்தியாசம் தெரியாது. முந்தைய இரவு அவர் தூங்கினாரா, இரண்டு வாரத்தில் தேர்வு இருக்கிறதா என்பதும் தெரியாது.

ஒரு கேள்வி, ஒரு பெருக்கல்

இதற்குக் காசே செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. அமெரிக்க விளையாட்டு அறிவியலாளர் கார்ல் ஃபாஸ்டர் பிரபலப்படுத்தியது. பயிற்சி முடிந்து சுமார் அரை மணி நேரம் கழித்து ஒரே கேள்வி: "0 முதல் 10 வரை, எவ்வளவு கஷ்டமாக இருந்தது?" அந்த எண்ணை, பயிற்சி நீடித்த நிமிடங்களால் பெருக்கவேண்டும். அதுதான் அன்றைய பளு.

மேயோ கவுண்டியைச் சேர்ந்த, டப்ளினில் படிக்கும் 20 வயது மாணவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாதம் பிப்ரவரி. பல்கலைக்கழகங்களுக்கான சிகர்சன் கிண்ணமும் கவுண்டி அணிகளின் தேசிய லீக்கும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் பருவம் அது. வீட்டுக்குக் காரில் போக ஏறக்குறைய 3 மணி நேரம். அவருடைய ஒரு வாரம் இப்படி இருக்கலாம்.

திங்கட்கிழமை கல்லூரிக் குழுவுடன் உடற்பயிற்சிக்கூடம்: 60 நிமிடம், கஷ்டம் 5. பளு 300. செவ்வாய் கவுண்டிப் பயிற்சி: 90 நிமிடம், 7. பளு 630. புதன் சிகர்சன் ஆட்டம்: 60 நிமிடம், 9. பளு 540. வெள்ளி மறுபடி கவுண்டி: 75 நிமிடம், 6. பளு 450. ஞாயிறு லீக் ஆட்டம்: 70 நிமிடம், 9. பளு 630.

கல்லூரிப் பயிற்றுவிப்பாளரின் தாளில் 840. "பரவாயில்லையே, இன்னும் கொஞ்சம் தாங்குவான்" என்று நினைப்பார். கவுண்டிப் பயிற்றுவிப்பாளரின் தாளில் 1,710. அவரும் கெட்டவர் இல்லை, தன் திட்டப்படிதான் நடக்கிறார். ஆனால் அந்த உடம்பு சுமந்தது 2,550. அந்த எண் இரண்டு தாளிலும் இல்லை.

தொடக்கத்தில் கேட்ட எண் இதுதான். இதில் சொந்த ஊர் மன்றத்தையும் 20 வயதுக்குட்பட்டோர் குழுவையும் நான் சேர்க்கவே இல்லை. ஹர்லிங்கும் ஆடுபவராக இருந்தால் இன்னொரு பங்கு.

1.5 என்றால் ஆபத்தா?

கூட்டிய பிறகு என்ன செய்வது? ஆஸ்திரேலிய ஆய்வாளர் டிம் கேபெட் 2016இல் எழுதிய ஒரு கட்டுரை பயிற்சித் திடல்களில் பெரிய தாக்கத்தை ஏற்படுத்தியது. இந்த வாரப் பளுவை, கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுக்கவேண்டும். 0.8 முதல் 1.3 வரை நல்ல நிலை, 1.5க்கு மேல் போனால் காயம் ஏற்படும் சாத்தியம் கூடும் என்றது அது. நம் மாணவரின் சராசரி 1,700 ஆக இருந்தால், 2,550 என்பது சரியாக 1.5.

உடனே சிவப்பு விளக்கு போடலாமா? பொறுங்கள். இந்த விகிதத்தை விமர்சிக்கும் ஆய்வாளர்களும் உண்டு. ஃபிராங்கோ இம்பெல்லிசெரி அவர்களில் ஒருவர். யாருக்குக் காயம் வரும் என்பதை இந்த எண்ணால் முன்கூட்டியே சொல்ல முடியாது, பளுவைக் கூட்டிக் குறைத்தால் காயம் குறையும் என்பதற்கும் அது ஆதாரமாகாது என்பது அவர்கள் வாதம். எனக்கும் அவர்கள் சொல்வது சரியென்றே படுகிறது. 1.49 வந்தால் ஆடவிடலாம், 1.51 வந்தால் உட்கார வைக்கலாம் என்று உடம்பு வேலை செய்வதில்லை.

அதே கட்டுரையில் பலர் கவனிக்காமல் விட்டது ஒன்று: பயிற்சியே செய்யாமல் இருப்பதும் பாதுகாப்பு அல்ல. படிப்படியாகக் கடினமாகப் பயிற்சி செய்த உடம்புதான் அதிகம் தாங்கும். பிரச்சினை திடீர் ஏற்றம். இரண்டு குழுக்கள் ஒருவரையொருவர் கேட்காமல் ஒரே வாரத்தில் பளுவைக் கூட்டும்போது வருவது அதுதான்.

சங்கம் என்ன செய்திருக்கிறது?

சில பெரிய மாற்றங்கள் வந்துள்ளன. 2018இல் கவுண்டி மைனர் பிரிவின் வயது வரம்பு 18இலிருந்து 17ஆகவும், 21 வயதுக்குட்பட்டோர் காற்பந்து 20 ஆகவும் குறைக்கப்பட்டன. இளையர்கள் ஒரே நேரத்தில் பல குழுக்களில் சிக்குவதும், பள்ளி இறுதித் தேர்வோடு ஆட்டம் மோதுவதும் அதற்கான காரணங்களில் சில. 2022 முதல் பருவம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முதலில் கவுண்டி, பிறகு மன்றம். செப்டம்பரில் நடந்துவந்த அகில அயர்லந்து இறுதியாட்டம் ஜூலைக்கு வந்தது. மன்ற ஆட்டம் எப்போது என்று தெரியாமல் கல்யாணத் தேதியைக்கூடக் குறிக்க முடியாமல் தவித்தவர்களுக்கு அது நிம்மதி. ஆனால் கல்லூரியும் கவுண்டியும் மோதும் குளிர்காலம் அப்படியே இருக்கிறது.

காற்பந்து, கமோகி இரண்டும் ஆடும் பெண்களின் நிலை இன்னும் சிக்கல். இரண்டு சங்கம், இரண்டு அட்டவணை. ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் வந்து, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கவேண்டிய நிலையும் வந்திருக்கிறது. மூன்று சங்கங்களையும் 2027க்குள் ஒன்றாக்குவது இலக்கு. முன்னாள் அதிபர் மேரி மெக்காலீஸ் அதற்கான பணியை வழிநடத்துகிறார்.

தாள்களைக் குழுக்கள் பகிர்ந்துகொள்ளலாமே என்று தோன்றும். 2018 மே மாதம் முதல் நடப்பில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி உடல்நலத் தகவலுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. விருப்பம்போல் அனுப்பிவிட முடியாது. அது நியாயமும்கூட. "களைப்பாக இருக்கிறது" என்று எழுதிய பதில் குழுத் தேர்வில் தனக்கு எதிராகத் திரும்பும் என்று நினைக்கும் 20 வயது இளையர் என்ன செய்வார்? 9 என்று உணர்ந்ததை 6 என்று எழுதுவார். பிறகு எந்தப் பெருக்கலும் உதவாது. படிவம் கொடுப்பதற்கு முன்பே, "இதை யார் பார்ப்பார்கள், தேர்வுக்குப் பயன்படுத்துவோமா" என்று பயிற்றுவிப்பாளர் சொல்லிவிடுவது நல்லது. உண்மையான எண்ணைச் சொன்னவருக்கு அந்த வாரம் நிஜமாகவே பயிற்சியைக் குறைத்துக் காட்டினால் இன்னும் நல்லது.

நீங்களும் பள்ளிக்கு ஒன்று, மன்றத்துக்கு ஒன்று, நண்பர்களோடு ஃபுட்சால் ஒன்று என்று ஆடுபவராக இருந்தால் இதற்குச் செயலி எதுவும் தேவையில்லை. கைப்பேசிக் குறிப்பில் தினமும் ஒரு வரி: எந்தக் குழு, எத்தனை நிமிடம், எவ்வளவு கஷ்டம். ஞாயிறு இரவு கூட்டிப் பார்த்து, அதே ஸ்கிரீன்ஷாட்டை எல்லாப் பயிற்றுவிப்பாளர்களுக்கும் அனுப்புங்கள்.