வீக்எண்ட் கல்யாண போட்டோகிராஃபி: 10,000 ரூபாயில் கைக்கு நிக்கறது எவ்வளவு?

வாரம் முழுக்க பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, முகூர்த்த நாள் வந்தால் கழுத்தில் கேமரா. உங்க ஃப்ரெண்ட்ஸ்ல இப்படி ஒருத்தர் இருப்பார், இல்லேன்னா அது நீங்களே. படம் என்னமோ நல்லாத்தான் வரும். அமெச்சூரும் புரொஃபஷனலும் பிரியற இடம், ரேட் சொல்லும்போதுதான்.

"10,000 ரூபா மாப்ள, எல்லாம் லாபம்"ங்கறது அமெச்சூர் கணக்கு. கேனான் 5டி மார்க் 4-ன் ஷட்டர் ஆயுள் 1,50,000 கிளிக். கல்யாணத்துக்கு 3,000 கிளிக்னு வைங்க, 50 கல்யாணம். அப்புறமும் ஓடலாம், ஆனா தாலி கட்டுற நொடிக்கு ரீடேக் கிடையாதே! பாடியை 1 லட்சத்துக்கு வாங்கியிருந்தா, ஒவ்வொரு கல்யாணமும் 2,000 ரூபாயைத் தின்னுது. அசிஸ்டென்ட்டுக்கு 1,500, பெட்ரோல், ஹார்ட் டிஸ்க்குக்கு 1,000. மிச்சம் 5,500. ரிசப்ஷன், முகூர்த்தம் ரெண்டும் 16 மணி நேரம், எடிட்டிங் 20 மணி நேரம். மணிக்கு சுமார் 150 ரூபாதான்.

புரொஃபஷனல் இதையெல்லாம் முதல்லயே ரேட்டில் ஏத்திடுவார். ஒரே படத்தை ரெண்டு கார்டில் பதிவு பண்ணுவார். வாடகைக்காவது ஒரு ஸ்பேர் பாடி வெச்சிருப்பார். அட்வான்ஸ் வாங்காம தேதி குறிக்க மாட்டார். (சொந்தக்காரங்ககிட்ட அட்வான்ஸ் கேக்கறதுதான் இதுல பெரிய கஷ்டம்!)

இன்னொண்ணு. ரயில்வே ஊழியர்னா, 1966-ம் வருஷ நடத்தை விதிகள்படி முன் அனுமதி இல்லாம தொழில் பண்ணக் கூடாது. தனியார் கம்பெனின்னா அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிங்க. பணம் ஜிபே-ல வந்தாலும் கவர்ல வந்தாலும் வருமான வரி ரிட்டர்ன்ல காட்டணும். அதுக்கு நீங்க வழக்கமா போடுற ஐடிஆர்-1 செல்லாது.