மலைக்கும் ஏரிக்கும் பேருந்தில்: டாஸ்மேனிய நடைப்பயணத்துக்கு முன் அறிய வேண்டியவை

டிசம்பர் விடுமுறைக்கு ஆஸ்திரேலியா செல்லும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் பெரும்பாலும் மெல்பர்ன், சிட்னி, பெர்த் நகரங்களோடு திரும்பிவிடுகின்றன. ஆனால் வார இறுதிகளில் மக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியும் புக்கிட் தீமா குன்றில் ஏறியும் பழகியவர்கள் சிலருக்கு, உண்மையான மலையில் நடக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. கூடாரமும் சமையல் பாத்திரமும் சுமந்துகொண்டு நாள்கணக்கில் நடக்க வயதோ உடம்போ இடம்கொடுக்காது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அதுதான் பேருந்தில் செல்லும் குழு நடைப்பயணம்.

இதன் ஏற்பாடு எளிமையானது. பத்துப் பதினைந்து பேர் ஒரு சிறு பேருந்தில் செல்கிறார்கள். பெட்டிகள் பேருந்தில் இருக்கும். பகலில் முதுகில் ஒரு சிறு பையுடன் நடை. மாலையில் சூடான உணவும் படுக்கையும் உள்ள விடுதி. மறுநாள் பேருந்து வேறொரு மலைக்கோ ஏரிக்கோ கொண்டுசெல்லும். நடக்க முடியாத நாளில் பேருந்திலேயே இருந்துவிடலாம். இத்தகைய பயணத்துக்கு மிகவும் பொருத்தமான இடங்களில் ஒன்று, ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் உள்ள டாஸ்மேனியத் தீவு. மெல்பர்ன் அல்லது சிட்னி வழியாக அங்கு செல்லலாம்.

சாலை எங்கே, நடை எங்கே?

தீவின் நடுவில் கிரேடில் மலையிலிருந்து செயின்ட் கிளேர் ஏரிவரை ‘ஓவர்லேண்ட் டிராக்’ என்ற புகழ்பெற்ற நடைபாதை செல்கிறது. நீளம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். முழுவதும் நடக்க ஆறு நாள்கள் ஆகும். உணவையும் உறங்கும் பையையும் சுமந்துசெல்ல வேண்டும். அக்டோபர் 1 முதல் மே 31 வரை முன்பதிவு கட்டாயம். அக்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி மட்டுமே நடக்கலாம்.

பேருந்துக் குழு இப்பாதையின் இரு முனைகளையும் பார்க்கும். இடையிலுள்ள மலைத்தொடரைப் பேருந்து மேற்குப் பக்கமாகச் சுற்றிவரும். லான்செஸ்டன், கிரேடில் மலை, குவீன்ஸ்டவுன், செயின்ட் கிளேர் ஏரி, மவுண்ட் ஃபீல்ட், ஹோபார்ட் என்று வழி அமைத்தால் மலை, ஏரி, வனாந்தரம் மூன்றையும் ஒரு வாரத்தில் பார்த்துவிடலாம்.

கிரேடில் மலை: ஒரே நாளில் இரண்டு நடைகள்

லான்செஸ்டனிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் கிரேடில் மலைப் பூங்காவின் வருகையாளர் நிலையத்தை அடையலாம். பகல் நேரத்தில் சொந்த வாகனங்களில் மேலே செல்லக் கட்டுப்பாடு உண்டு. பூங்காவின் இணைப்புப் பேருந்தில்தான் டோவ் ஏரிக்குச் செல்ல வேண்டும். குறுகிய மலைச்சாலையில் நெரிசலைக் குறைக்கவும் விலங்குகளைக் காக்கவும் இந்த ஏற்பாடு உதவுகிறது.

இங்குதான் குழுவாகப் பிரிந்து நடப்பதன் வசதி தெரியும். டோவ் ஏரியைச் சுற்றிவரும் பாதை 6 கிலோமீட்டர். இரண்டு அல்லது மூன்று மணி நேரம் போதும். பெரும்பகுதி சீரான பாதை. நல்ல முழங்கால் உள்ளவர்கள் ரோனி ஓடையில் இறங்கி, கிரேட்டர் ஏரி வழியாக மேரியன்ஸ் லுக்அவுட் என்ற உச்சிக்கு ஏறி, டோவ் ஏரியில் வந்து மற்றவர்களுடன் சேரலாம். அந்த உச்சியின் உயரம் ஏறத்தாழ 1,220 மீட்டர். வழியில் ஓரிடத்தில் பாறையில் பொருத்திய சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டியிருக்கும். 1,545 மீட்டர் உயரமுள்ள கிரேடில் மலையின் உச்சிக்குச் சென்று திரும்ப ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். பெரிய பாறைகள்மீது கையும் காலும் ஊன்றி ஏற வேண்டிய இடம் என்பதால் முதன்முறை செல்வோர் அதைத் தவிர்ப்பதே நல்லது.

ரோனி ஓடைப் புல்வெளியில் மாலை வேளையில் வோம்பட் என்னும் குட்டையான, பருத்த விலங்குகள் மேய்வதைக் காணலாம். தொடவோ உணவு கொடுக்கவோ கூடாது.

இந்தப் பூங்கா உருவானதற்கு ஒரு குடியேறியின் ஆர்வமே தொடக்கம். ஆஸ்திரியாவிலிருந்து வந்த குஸ்தாவ் வைண்டார்ஃபர் 1910ல் தம் மனைவி கேட்டுடன் கிரேடில் மலையில் ஏறினார். இவ்விடம் எல்லா மக்களுக்கும் உரியதாக, காலத்துக்கும் காக்கப்பட வேண்டும் என்று வாதிட்டார். 1912ல் அங்கேயே மரங்களை வெட்டி ‘வால்ட்ஹைம்’ என்ற விடுதியைக் கட்டினார். ஜெர்மன் மொழியில் அதற்கு ‘வன இல்லம்’ என்று பொருள். 1922ல் அப்பகுதி பாதுகாக்கப்பட்ட நிலமாக அறிவிக்கப்பட்டது.

மொட்டை மலையும் தப்பிய ஆறும்

கிரேடில் மலையிலிருந்து மேற்கே இறங்கினால் குவீன்ஸ்டவுன் என்ற சுரங்க நகரம் வரும். அதைச் சுற்றியுள்ள குன்றுகள் மரமின்றி மஞ்சளும் சாம்பலுமாக நிற்கின்றன. செம்பு உருக்கும் உலைகளுக்காகக் காடு வெட்டப்பட்டது. உலைகள் கக்கிய கந்தகப் புகை எஞ்சிய செடிகொடிகளை அழித்தது. பிறகு பெய்த மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போனது.

அங்கிருந்து கிழக்கே லைல் நெடுஞ்சாலையில் பேருந்து சிறிது தூரம் சென்றாலே அடர்ந்த மழைக்காடு தொடங்கிவிடும். நெல்சன் அருவிக்குச் சென்றுவர 20 நிமிட நடை. டோனகிஸ் குன்றுக்கு 40 நிமிடம். அக்குன்றிலிருந்து பார்த்தால் ஃபிராங்ளின் ஆறு ஓடும் பள்ளத்தாக்கும், தொலைவில் ஃபிரெஞ்ச்மன்ஸ் கேப் என்ற வெள்ளைப் பாறை மலையும் தெரியும்.

இந்த ஆறு இன்று தடையின்றி ஓடுவது தற்செயல் அன்று. நீர்மின் திட்டம் ஒன்றுக்காக 1972ல் பெடர் ஏரி அதன் மணற்கரையோடு நீரில் மூழ்கடிக்கப்பட்டது. அடுத்து ஃபிராங்ளின் ஆற்றைப் பாதிக்கும் அணைத் திட்டம் வந்தபோது எதிர்ப்பு வலுத்தது. 1982 டிசம்பரில் இப்பகுதி யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தளமானது. அதே மாதம் தொடங்கிய மறியலில் 1,200க்கும் மேற்பட்டோர் கைதாயினர். 1983 ஜூலை 1ஆம் தேதி ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அணையைத் தடுத்தது.

வனாந்தரம் என்றால் மனிதர் கால் படாத இடம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஃபிராங்ளின் ஆற்றோரம் உள்ள குட்டிக்கினா குகையில் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே பூர்வகுடியினர் வாழ்ந்த தடயங்கள் கிடைத்துள்ளன. சாலையோரப் புல்வெளிகளில் பலவும் அவர்கள் முறையாகத் தீ வைத்துப் பேணியவை. பேருந்து சன்னல் வழியே பார்க்கும்போது வெறும் புல்லாகத் தெரியும் நிலம், ஒரு மக்களின் வாழ்விடம்.

அவர்கள் செயின்ட் கிளேர் ஏரிக்கு இட்ட பெயர் ‘லீயாவுலீனா’. ‘உறங்கும் நீர்’ என்பது பொருள். பனியாறு குடைந்த இந்த ஏரி ஆஸ்திரேலியாவிலேயே ஆழமானது. வானிலை இடம்கொடுத்தால் படகில் மறுமுனைக்குச் சென்று கரையோரக் காட்டுப்பாதையில் 17 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடந்து திரும்பலாம். நாள் முழுவதும் பிடிக்கும் நடை அது. அவ்வளவு முடியாதவர்கள் சிற்றலை தட்டும் கரையில் ஒரு மணி நேரம் நடந்தாலே ஏரியின் அமைதியை உணரலாம். ஹோபார்ட் செல்லும் வழியில் மவுண்ட் ஃபீல்ட் பூங்காவின் ரசல் அருவி, சிறு பிள்ளைகளும் மூத்தோரும் சிரமமின்றிச் சென்றுவரக்கூடிய இடம்.

குளிர்தான் முதல் ஆபத்து

டாஸ்மேனியா என்றதும் பலரும் பாம்பைப் பற்றிக் கேட்பார்கள். அங்கு மூன்று வகைப் பாம்புகள் உண்டு. மூன்றும் நஞ்சுள்ளவை. பாதையைப் பார்த்து நடந்தால், அவையே விலகிப் போய்விடும். வெப்பமண்டலத்திலிருந்து செல்லும் நாம் அதைவிடக் கவனிக்க வேண்டியது குளிர்.

டிசம்பர், ஜனவரி அங்கே கோடைக்காலம். ஆனாலும் கிரேடில் மலையில் எந்த மாதத்திலும் பனி பெய்யலாம். காலையில் வெயில், நண்பகலில் மழை, பிற்பகலில் கடுங்காற்று என்று ஒரே நாளில் மாறும். வெறும் குளிரை உடம்பு ஓரளவு தாங்கும். உடை நனைந்து, அதன்மேல் காற்றும் வீசினால் உடல் வெப்பம் வேகமாக இறங்கும். இதனால் ஏற்படும் தாழ்வெப்பநிலை உயிரைப் பறிக்கக்கூடியது. வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்போதும் இது நேரும்.

பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகவே அவை வேண்டாம். உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் வெப்பம் காக்கும் மேலாடை, எல்லாவற்றுக்கும் மேல் தலைமூடியுடன் கூடிய மழை அங்கி என மூன்று அடுக்கு தேவை. கம்பளித் தொப்பியும் கையுறையும் கோடையிலும் பையில் இருக்க வேண்டும். குடை காற்றில் பயன்படாது.

தாழ்வெப்பநிலையின் தொடக்க அறிகுறிகள் எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படும். ஒருவர் அடிக்கடி தடுக்கி விழுவார். பையின் ஸிப்பைத் திறக்க விரல் ஒத்துழைக்காது. பேச்சு குழறும். காரணமின்றி எரிந்துவிழுவார், அல்லது ஒன்றும் பேசாமல் பின்தங்குவார். ‘களைப்புதான்’ என்று அவரே சொல்வார். அவர் சொல்வதை நம்பி நடையைத் தொடரக் கூடாது. காற்று படாத இடத்துக்கு அழைத்துச் சென்று, ஈர உடையை மாற்றி, சூடான இனிப்புப் பானம் கொடுக்க வேண்டும். நடுக்கம் நின்றும் நிலை தெளியாவிட்டால் அது அவசர நிலை. ஆஸ்திரேலியாவின் அவசர எண் 000. மலையில் பல இடங்களில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காது என்பதால் வழிகாட்டியிடம் துணைக்கோளம் வழி உதவி கேட்கும் கருவி இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பின்னால் வருபவருக்கு ஓய்வு உண்டா?

நடை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணக்கிட, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892ல் ஒரு விதி வகுத்தார். சமநிலத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 600 மீட்டர் ஏற்றத்துடன் 10 கிலோமீட்டர் என்றால் மூன்று மணி நேரம். இது ஓய்வே எடுக்காத, உரமான ஒருவரின் கணக்கு. பலதரப்பட்ட வயதினர் உள்ள குழு அதில் பாதியையாவது கூட்டிக்கொள்ள வேண்டும்.

குழுநடையில் பெரும்பாலும் நேரும் தவறு ஒன்று உண்டு. வேகமாக நடப்பவர்கள் முன்னே சென்று உட்கார்ந்து காத்திருப்பார்கள். கடைசியில் வருபவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், ‘எல்லாரும் வந்தாச்சு, போகலாம்’ என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவைப்படாதவருக்கு ஓய்வு கிடைத்திருக்கும். தேவைப்பட்டவருக்குக் கிடைத்திருக்காது. பிறருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைக்கும் நம் பெரியவர்கள் அதை வாய்திறந்து சொல்லவும் மாட்டார்கள். கடைசி ஆள் வந்தபிறகு ஐந்து நிமிடம் எண்ணத் தொடங்குவதும், மெதுவாக நடப்பவரை முன்னால் விடுவதும், ஒருவர் எப்போதும் கடைசியில் வருவதும் இதற்குத் தீர்வு.

திரும்பும் நேரத்தையும் புறப்படுமுன் முடிவு செய்யுங்கள். ‘ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம்’ என்று காலையில் ஒப்புக்கொள்வது எளிது. உச்சி கண்ணுக்குத் தெரியும்போது ஒப்புக்கொள்வது கடினம். கடைசி இணைப்புப் பேருந்தின் நேரமும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டிலிருந்தே தயாராகலாம்

சிங்கப்பூரின் மிக உயர்ந்த இயற்கை மேடான புக்கிட் தீமா 164 மீட்டர்தான். ஆனால் நம் அடுக்குமாடிக் கட்டடப் படிகள் நல்ல பயிற்சிக்களம். மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கி, பயணத்தில் சுமக்கப்போகும் பையுடன் ஏறி இறங்குங்கள். ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். மின்தூக்கியில் இறங்கினால் பாதிப் பயிற்சி விட்டுப்போகும். இதயநோய், நீரிழிவு உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். புதுக் காலணியுடன் மலைக்குச் செல்லாதீர்கள்.

காலணியில் மண் ஒட்டியிருந்தால் ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். மண்ணோடு பரவும் தாவர நோய்க் கிருமி அங்குள்ள காட்டுச் செடிகளை அழித்துவருவதே காரணம். கொண்டுசெல்லும் உணவு அனைத்தையும் அறிவிக்க வேண்டும். மெல்பர்னில் வாங்கிய பழத்தைக்கூட டாஸ்மேனியாவுக்குள் எடுத்துச்செல்ல முடியாது.

கட்டணம் செலுத்துமுன் ஏற்பாட்டாளரிடம் சில கேள்விகள் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம்? நடக்க இயலாதவருக்கு அன்று மாற்று ஏற்பாடு என்ன? வானிலை மோசமானால் நடையை ரத்து செய்யும் முடிவை எடுப்பவர் யார்? சைவ உணவு கிடைக்குமா? பயணக் காப்புறுதி மலை மீட்புக்கும் பொருந்துமா? இவற்றுடன் இன்னொன்றையும் கேளுங்கள்: குழுவின் கடைசியில் நடந்து வரப்போவது யார்? இதற்குத் தயங்காமல் பதில் சொல்லும் ஏற்பாட்டாளரை நம்பி உங்கள் அம்மாவையும் அழைத்துச் செல்லலாம்.