எழுதத் திணறும் மீத்திறன் மாணவர்

மீத்திறன் மாணவர் என்றதும் எல்லாப் பாடங்களிலும் முதலாவதாக வருபவரே நினைவுக்கு வருகிறார். ஆனால் கணக்கை மனத்திலேயே போட்டு விடை சொல்லிவிட்டு, அதன் வழிமுறையை ஏட்டில் எழுதத் திணறும் பிள்ளைகளும் உண்டு. உயர்ந்த அறிவுத்திறனும் டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புச் சிக்கலும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கலாம். ஒன்று மற்றொன்றை மறைப்பதால் ஆசிரியர் கண்ணுக்கு அவர் சராசரி மாணவராகவே தெரிவார். உதவித் தொழில்நுட்பம் மிகவும் தேவைப்படுவது இத்தகையோருக்குத்தான்.

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள ஜித்ரா வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இந்தச் சுமை இன்னும் கூடுதல். ஆண்டு 1 முதலே தமிழ் எழுத்தோடு ரூமி எனப்படும் இலத்தீன் எழுத்தையும் கற்க வேண்டும். அதே ரூமி எழுத்து மலாயில் ஒரு விதமாகவும் ஆங்கிலத்தில் வேறு விதமாகவும் ஒலிக்கும். தமிழில் ‘கெ’ என்று எழுதும்போது முன்னால் நிற்கும் கொம்பு, உச்சரிப்பில் மெய்யொலிக்குப் பின்னால்தான் வருகிறது.

இங்கே முதலில் கைகொடுப்பது குரல் தட்டச்சு. கூகுள் 2017இல் இவ்வசதியைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. மாணவர் பேசப் பேசத் திறன்பேசியில் எழுத்து தோன்றும். சிந்தனை எழுத்துக்கூட்டலில் சிக்கி நிற்பதில்லை. வகுப்பறை இரைச்சலில் பிழைகள் மலியும் என்பதால் அமைதியான ஒரு மூலை வேண்டும்.

அடுத்தது, பாடத்தை உரக்க வாசித்துக்காட்டும் மென்பொருள். ஆசிரியர்கள் பெரும்பாலும் கவனிக்காத தடை ஒன்று இதில் உள்ளது. பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பயிற்றித்தாளை இம்மென்பொருளால் வாசிக்க முடியாது. படமாக வருடப்பட்ட பக்கமும் அப்படித்தான். யூனிகோடில் தட்டச்சு செய்தால் போதும். மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள் அதற்கு வழிசெய்கிறது. செலவில்லாத இந்த ஒரு மாற்றம், விலையுயர்ந்த கருவிகளைவிட அதிகம் உதவும்.

தடை நீங்கினால் மட்டும் போதாது. அறிவுக்குத் தீனியும் வேண்டும். தெரிந்த கணக்கையே இருபது முறை செய்யச் சொல்வது மீத்திறன் பிள்ளையைச் சலிப்படையச் செய்யும். அந்த நேரத்தில் ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருளில் முக்கோணத்தை இழுத்து மாற்றி, எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று அவரே கண்டறியலாம்.

மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 2009இல் மீத்திறன் மாணவருக்கான பெர்மாத்தா பிந்தார் திட்டத்தின் விடுமுறை முகாமை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் துணையோடு தொடங்கியது. இணையத் தேர்வுவழி மாணவரைத் தெரிந்தெடுக்கும் இத்திட்டத்தின் மையம் இருப்பது பாங்கியில். ஜித்ராவிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். சிறப்புக் கல்விக்கான 2013ஆம் ஆண்டு விதிமுறைகளோ பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல் குறைபாடுகளையே குறிப்பிடுகின்றன. மீத்திறன் அவற்றில் இல்லை. ஆகவே இத்தகைய பிள்ளையை அடையாளம் காணும் பொறுப்பு வகுப்பாசிரியருடையதாகிறது. ஒரே பாடத்தை வாய்மொழியாகவும் எழுத்திலும் சோதித்து, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறித்துவைப்பதே அதற்கு நம்பகமான தொடக்கம். வேறுபாடு பெரிதானால் பெற்றோரிடம் பேசி, முறையான மதிப்பீட்டுக்கு அனுப்பலாம்.