நீரின் அசைவில் தெரியும் நோய்

இரத்தக்குழாய் அடைப்பால் நேரும் பக்கவாதத்தின் தொடக்கத்தில் சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் குறையேதும் காட்டுவதில்லை. ஆயினும் மூளையில் சேதம் தொடங்கிவிட்டிருக்கும். இரத்தம் எட்டாத உயிரணுக்கள் நீரை உள்வாங்கி வீங்குகின்றன. நீர் மூலக்கூறுகளின் இயல்பான அசைவு ஒடுங்குகிறது. 1980களின் நடுவில் பிரெஞ்சு அறிஞர் டெனி லெ பியான் மூளை ஆய்வுக்குக் கொண்டுவந்த டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. அவ்வொடுக்கத்தை வெண்ணிறமாகக் காட்டிவிடுகிறது. காலம் கடந்தால் மீளாத மூளைக்கு இது பெரும் உதவியாகும்.

நரம்பிழையில் நீர் குறுக்காகச் செல்வதைவிட நெடுகச் செல்வது எளிது. இத்திசை வேறுபாட்டை அளக்கும் முறையை 1994இல் பீட்டர் பாஸரும் உடன் ஆய்ந்தோரும் வகுத்தனர். இழையின் உறை சிதையும் நோய்களில் அவ்வேறுபாடு குறைகிறது. எனினும், வண்ணக் கோடுகளாக நாம் காண்பவை நரம்புகளல்ல. நீரின் போக்கிலிருந்து கணித்த தடங்களே. ஆகவே, நோயாளியைப் பரிசோதித்தறியும் மருத்துவரின் முடிவுக்கு அப்படம் துணைச்சான்றேயன்றித் தனித்தீர்ப்பு ஆகாது.