சிக்கனமும் சூடும்

மோட்டார் வண்டி வைத்திருப்போரிடையே நெடுங்காலமாக இரண்டு கூற்றுகள் வழங்கி வருகின்றன. கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டினால் செலவு மிச்சமாகும் என்பது ஒன்று. அவ்வாறு செய்தால் எஞ்சின் சூடேறிக் கெட்டுவிடும் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் முழு உண்மை அல்ல. அதனைச் சற்று ஆராய்வோம்.

பெட்ரோல் தனித்து எரிவதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடியே எரிகிறது. ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கன அளவிற் கூறினால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. இவ்வளவினும் காற்றுக் குறைந்தால் அது செறிந்த கலவை. மிகுந்தால் மெலிந்த கலவை.

பெட்ரோல் ஒரு பங்கும் காற்றுப் பன்னிரண்டரை அல்லது பதின்மூன்று பங்கும் ஆகிய செறிந்த கலவையில் எஞ்சின் பேராற்றல் காட்டும். உள்ளே வந்த காற்று முழுவதும் வேலைக்குப் பயன்படுவதே காரணம். ஆனால் பெட்ரோலில் ஒரு பகுதி அரைகுறையாக எரிந்து, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவாகி வெளியேறும். காற்றைப் பதினாறு பங்கு வரை கூட்டினால் பெட்ரோல் வீணாவது நிற்கும். அதே தொலைவைக் குறைந்த செலவிற் கடக்கலாம். அதற்கு மேலும் மெலிந்தாலோ கலவை சரிவரத் தீப்பற்றாது. எஞ்சின் விட்டுவிட்டு இயங்கும். மிச்சம் பிடித்ததும் கைவிட்டுப் போகும்.

இனிச் சூட்டைக் காண்போம். செறிந்த கலவையிலிருந்து பெட்ரோலைச் சிறிது சிறிதாகக் குறைத்துவந்தால், வெளியேறும் புகையின் வெப்பம் ஏறிக்கொண்டே வரும். ஏறத்தாழச் சரியான அளவில் அஃது உச்சத்தை எட்டும். அதனையும் கடந்து மெலிந்தால் வெப்பம் இறங்கத் தொடங்கும். கொதிக்கும் உலையில் மேலும் தண்ணீர் வார்த்தாற் சூடு தணிவதுபோல, எரிவதற்குத் தேவைப்படாத மிகுதிக் காற்று வெப்பத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஆகவே மெலிந்த கலவை எப்பொழுதும் சூடானது என்பது சரியன்று. செறிவிலிருந்து மெலிவுக்குச் செல்லும் வழியிலேதான் சூட்டின் சிகரம் நிற்கிறது.

இங்கே சுமையையும் கருதல் வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது, கார்புரேட்டர் செறிந்த கலவை தருமாறு வேண்டுமென்றே அமைத்துள்ளனர். மிகுதிப் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சி, வால்வுகளைக் காக்கிறது. அந்தக் காப்பை நீக்கிவிட்டால், மிகுந்த வேலையும் மிகுந்த சூடும் ஒரே நேரத்திற் கூடும். தட்டல் ஓசை எழும். புகைவழி வால்வின் விளிம்பு கருகும்.

நான் அறிவியல் ஆசிரியனாக இருந்த 1990களில், என் மாணவன் ஒருவனுடைய தந்தையார் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்து வந்தார். யாரோ கூறிய யோசனைப்படி அவர் கார்புரேட்டரிற் சிறிய ஜெட் ஒன்றைப் பொருத்தினார். சமவெளியில் ஓடியவரை பெட்ரோல் மிச்சமாயிற்று. கோடையில் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் ஏறியபோது வால்வு கருகி வண்டி நின்றுவிட்டது. சேர்த்த பணம் பழுதுபார்க்கும் கூலிக்கும் போதவில்லை. வண்டி நின்ற நாட்களில் வருவாயும் நின்றது. பையனின் தேர்வுக் கட்டணத்தை மற்றவர்கள் கூடிக் கட்டினோம்.

அளவறிந்து செய்தால் மெலிந்த கலவை நன்மையே தரும். 1944ஆம் ஆண்டில் பசிபிக் போர்முனையில், புகழ்பெற்ற விமானி சார்லஸ் லிண்ட்பர்க், இளம் விமானிகளுக்கு இம்முறையைக் கற்பித்தார். எஞ்சினை மெதுவாகச் சுழலவிட்டு, கலவையை மெலிவித்து, சீரான வேகத்திற் பறக்கச் செய்தார். எஞ்சின் கெடும் என்று அவர்கள் அஞ்சினர், அது கெடவில்லை. விமானங்கள் முன்னினும் நெடுந்தொலைவு சென்று திரும்பின. ஆனால் அம்முறை நெடும்பயணத்தின் சீரான ஓட்டத்திற்கு உரியதே. முழு ஆற்றலும் வேண்டிய நேரத்திற்கு உரியதன்று.

இன்றைய கார்களில் இவ்வேலையை மின்னணுக் கருவி செய்கிறது. புகைக்குழாயிலுள்ள உணர்கருவி பிராணவாயுவை அளந்து கூற, அதற்கேற்பப் பெட்ரோல் பீய்ச்சப்படுகிறது. அதனிடத்தே நாம் கைவைக்கத் தேவையில்லை. பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்போரே இப்பொழுது விழிப்பாக இருத்தல் வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2023இல் விற்பனைக்கு வந்து, 2025க்குள் எங்கும் பரவிவிட்டது. எத்தனால் எரியக் காற்றுக் குறைவாகவே வேண்டும். ஒரு பங்கிற்கு ஒன்பது பங்கே போதும். ஆகையால் வெறும் பெட்ரோலுக்கென அமைத்த கார்புரேட்டரில், ஒருவரும் திருகாமலே கலவை மெலிந்துவிடுகிறது. ஸ்பார்க் பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருப்பது நலம். வெளுத்திருந்தால், தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டி ஜெட்டைச் சற்றே பெரிதாக்குதல் நன்று.

சிக்கனம் வேண்டுவோர் டயரிற் காற்றைச் சரியாக வைக்கலாம். காற்று வடிகட்டியைத் தூய்மையாக்கலாம். ஆக்சிலரேட்டரை மென்மையாக மிதிக்கலாம். இவற்றால் வரும் மிச்சம் சிறிதாயினும் நிலைத்து நிற்கும். எஞ்சினுக்கு உரிய பெட்ரோலைக் குறைத்துச் சேர்க்கும் பணமோ, முதல் மலையேற்றத்திலேயே வட்டியோடு திரும்பிப் போய்விடும்.